வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்களின் கேள்விகள்: கை நடுக்கம் முதல் அம்மோனியா வரை

வலிப்புக்கும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். அட்டையில் சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ராயிக் அமிலம், டைவால்ப்ரோயெக்ஸ் என்று எந்தப் பெயர் இருந்தாலும் ரத்தத்தில் போய்ச் சேர்வது ஒரே பொருள்தான். அதனால் கீழே உள்ள பதில்கள் மூன்றுக்கும் பொருந்தும்.

எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் உள்தாளைப் பிரித்தால் ‘வலிப்பு நோய்க்கான மருந்து’ என்று இருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

மாற்றவில்லை. வால்ப்ராயிக் அமிலம் முதன்முதலில் தயாரிக்கப்பட்டது 1882-இல். அதன்பின் ஏறக்குறைய 80 ஆண்டுகள் அதை யாரும் மருந்தாகப் பார்க்கவில்லை. மற்றப் பொருள்களைக் கரைக்கும் திரவமாகத்தான் ஆய்வுக்கூடங்களில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சில புதிய சேர்மங்களை இதில் கரைத்துச் சோதித்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. கரைந்த பொருளுக்கு அதில் பங்கில்லை, கரைத்த திரவமே மருந்து என்று பிறகுதான் புரிந்தது. 1967-இல் அங்கே வலிப்பு மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதீத எழுச்சி நிலைக்கு, அதாவது மேனியாவுக்கு, அமெரிக்காவில் 1995-இல் அனுமதி கிடைத்தது. இன்று ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கொடுக்கிறார்கள். உங்களுக்கு எழுதியிருப்பது மனநிலையைச் சீராக்க.

நான்கு மாதமாக நாளுக்கு 1500 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. கையெழுத்து கோணலாகிவிட்டது. நரம்புத் தளர்ச்சியா?

மாத்திரையால் வரும் நடுக்கமாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கையை மடியில் வைத்திருக்கும்போது அடங்கி, நீட்டும்போதும் எதையாவது பிடிக்கும்போதும் கிளம்புவது இதன் அடையாளம். டோஸ் கூடக் கூட நடுக்கமும் கூடும். குறைத்தால் பெரும்பாலும் குறையும்.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, அதே பேனாவால் அதே வாக்கியத்தை எழுதி, பக்கத்தில் ஒரு சுருள் கோடு வரைந்து தேதி போட்டு வையுங்கள். ‘கொஞ்சம் நடுங்குது டாக்டர்’ என்று சொல்வதைவிட அந்தத் தாள் நிறையச் சொல்லும். இரண்டாவது, நடுக்கத்தை ஏற்றிவிடும் மற்றவற்றைக் கணக்கெடுங்கள்: காபி, தேநீர், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்ப்யூடமால், லித்தியம், லாமோட்ரிஜின். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே நடுக்கம்தான். பல நேரங்களில் வால்ப்ரோயேட் பாதிப் பழிக்குத்தான் பொறுப்பு.

மருத்துவர் என்ன செய்வார்? முதலில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார். சாதாரணப் பூச்சு மாத்திரையாக இருந்தால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார். மருந்தின் அளவு ரத்தத்தில் திடீரென்று உச்சிக்கு ஏறி இறங்குவது அதில் குறைவு என்பதால் சிலருக்கு அதுவே போதும். நோய் கட்டுக்குள் இருந்தால் டோஸைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் ப்ரோப்ரனலால் சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்களுக்கும் அது ஆகாது. இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வகை நடுக்கம் இந்தக் கணக்கில் வராது. நடை சுருங்கி, முகத்தில் உணர்ச்சி மங்கி, கை ஓய்வில் இருக்கும்போதே நடுங்குவது ஒன்று. பார்கின்சன் நோயைப் போலவே தெரியும். வயதானவர்கள் நெடுநாள் சாப்பிட்ட பிறகு வரலாம். மருந்தை மாற்றினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் யாராவது அதைச் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால் கைகள் பறவைச் சிறகு போலப் படபடவென்று விழுந்து எழுவது. அப்படியானால் அடுத்த பதிலை உடனே படியுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடமாக வால்ப்ரோயேட். மூன்று வாரம் முன்பு டோபிரமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் சேர்த்தார்கள். இப்போது பகலெல்லாம் தூக்கம், இரண்டு முறை வாந்தி, பேச்சு குழறுகிறது. கல்லீரல் பரிசோதனை எடுத்தோம், எல்லாம் நார்மல். மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது. இந்தக் கடிதத்துக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

புரதம் சிதையும்போது உடலில் அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் தள்ளுகிறது. வால்ப்ரோயேட் இந்த மாற்றத்தின் முதல் படியையே மந்தமாக்கும். போதாததற்கு, கார்னிட்டின் என்ற பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறும். கார்னிட்டின் குறைந்தால் வேலை இன்னும் தடைபடும். கல்லீரல் செல்கள் சாகவில்லை, ஒரு வேலை மட்டும் நின்றுபோகிறது. அதனால்தான் கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி, பிலிரூபின் எல்லாம் நார்மலாக இருக்கும்போதே அம்மோனியா ஏறி மூளையைக் குழப்ப முடிகிறது. டோபிரமேட் சேர்ந்தால் இந்த ஆபத்து கூடும். இது நன்றாகத் தெரிந்த சேர்க்கை. சிலருக்கு உடல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. தூக்கமும் குழப்பமும் உள்ளவரின் உடல் சில்லிட்டிருந்தால் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

மாத்திரையால் வரும் சாதாரணத் தூக்கத்தையும் இதையும் பிரிப்பது எப்படி? சாதாரணத் தூக்கம் மருந்து தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய முதல் வாரங்களில் வரும். மாத்திரை போட்ட சில மணி நேரம் கூடுதலாக இருக்கும், நாள் போகப்போகக் குறையும், எழுப்பினால் தெளிவாகப் பேசுவார். அம்மோனியாத் தூக்கம் நாளுக்கு நாள் கூடும். வாந்தி சேரும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவருக்கு வாந்தியும் மந்தமும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. ஆய்வு அறிக்கை என்ன சொன்னாலும் சரி.

அங்கே ‘அம்மோனியா பார்த்தீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் அது இருக்காது. எடுக்கும் விதமும் முக்கியம். கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டாமல், முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொல்லாமல் ரத்தம் எடுத்து, குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா பெருகிப் பொய்யான எண் வரும். உண்மையிலேயே ஏறியிருந்தால் வால்ப்ரோயேட்டை மருத்துவரே நிறுத்தி, வலிப்புக்கு வேறு மருந்தின் காவல் போட்டு, தேவைப்பட்டால் லெவோகார்னிட்டின் கொடுப்பார். பலர் ஓரிரு நாளில் தெளிவார்கள். அம்மோனியாவை யூரியாவாக்கும் இந்த வேலையில், அதாவது யூரியா சுழற்சியில், பிறவிக் குறை இருக்கிறதா என்பதையும் அப்போது தேட வேண்டும். அந்தக் குறை உள்ளவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் சும்மா எடுத்துப் பார்த்து அம்மோனியா சற்று அதிகம் என்று வந்தால் அதற்காக மருந்தை நிறுத்துவதில்லை. வால்ப்ரோயேட் சாப்பிடும் பலருக்கு அது லேசாக ஏறித்தான் இருக்கும். கவனமாகப் பார்த்து, திரும்ப எடுப்பார்கள்.

எஸ்.ஜி.பி.டி. 62 வந்திருக்கிறது, 40-க்குள் இருக்க வேண்டுமாம். கல்லீரல் கெட்டுவிட்டதா?

இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டோஸைப் பொறுத்து இந்த நொதிகள் லேசாக ஏறுவது இந்த மருந்தில் சகஜம். எந்த அறிகுறியும் இல்லாமல், உச்ச வரம்பின் மூன்று மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி எடுத்துப் பார்ப்பதோடு சரி. கல்லீரல் உண்மையில் வேலை செய்கிறதா என்று சொல்பவை வேறு: பிலிரூபின், அல்புமின் என்ற ரத்தப் புரதம், ரத்தம் உறையும் நேரமான ஐ.என்.ஆர். நொதி 62-இல் இருந்து ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் அதுதான் கவலை. நொதி 100-ஐத் தொட்டு மற்றவை சரியாக இருந்தால் கவலை அதைவிடக் குறைவு.

அபாயமான கல்லீரல் பாதிப்பு அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் வரும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், பல வலிப்பு மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், வளர்சிதை மாற்றக் குறையோ மைட்டோகாண்ட்ரியா நோயோ உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி. ‘போல்ஜி’ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. காரணம் தெரியாமல் வளர்ச்சி பின்தங்கி, அடங்காத வலிப்பும் உள்ள குழந்தைக்கு மருந்து தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைக் கேட்கலாம். அறிக்கை மோசமாகும் முன்பே உடல் காட்டிக்கொடுத்துவிடும்: பசி அற்றுப்போதல், அசதி, வாந்தி, முகம் வீங்குதல், அடங்கியிருந்த வலிப்பு திடீரென்று திரும்புதல். ‘வலிப்பு வந்துவிட்டதே’ என்று அந்த நேரத்தில் வால்ப்ரோயேட்டையே கூட்டிவிடுவதுதான் நடக்கக்கூடிய மோசமான தவறு.

இதோடு கணையத்தையும் சொல்லிவிடலாம். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் வலி, நிற்காத வாந்தி என்றால் லைபேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு முதல் 6 மாதம் என்ற கணக்கு உண்டு. கணைய அழற்சிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் வரலாம். ஒரு முறை வந்துவிட்டால் திரும்ப இந்த மருந்தைத் தொடங்குவதில்லை.

முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

வழுக்கை விழும் வகை அல்ல இது. முடிக் கால்கள் கூட்டமாக ஓய்வுக்குப் போய் உதிர்கின்றன. சில மாதங்களில் நின்று, டோஸ் குறைந்தால் இன்னும் சீக்கிரம் நின்று, திரும்ப முளைக்கும். சிலருக்கு முளைக்கும் முடி முன்பு இருந்ததைவிடச் சுருளாக இருக்கும்.

பயோட்டினும் துத்தநாகமும் பரவலாக எழுதித் தரப்படுகின்றன. பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பயோட்டினில் யாரும் சொல்லாத ஒரு வம்பு உண்டு. கூந்தலுக்கு என்று விற்கப்படும் மாத்திரைகளில் 5, 10 மி.கி. வரை இருக்கும். அந்த அளவு ரத்தத்தில் இருந்தால் பல ஆய்வகங்களின் தைராய்டுப் பரிசோதனை தப்பாகக் காட்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், தைராய்டு அதிகம் சுரப்பதுபோலத் தெரியும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் பாதிக்கப்படலாம். முடி உதிர்வுக்குத் தைராய்டு பார்க்கத்தானே முதலில் போவீர்கள்? குறைந்தது 2 நாளாவது பயோட்டினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் தாமிரச் சத்து குறையும். முதலில் பார்க்க வேண்டியவை டி.எஸ்.எச்.சும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும்தான். வால்ப்ரோயேட் சிலருக்கு டி.எஸ்.எச்.சை லேசாக ஏற்றவும் செய்யும்.

ஆறு மாதத்தில் 7 கிலோ ஏறிவிட்டது. மாதவிடாயும் தள்ளித் தள்ளி வருகிறது. வயது 22.

இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருக்கலாம். வால்ப்ரோயேட் பசியைத் தூண்டும், இன்சுலின் அளவைக் கூட்டும். இளம் பெண்களுக்கு ஆண் ஹார்மோன்கள் கூடி, சினைப்பையில் நீர்க்கட்டிகளும் ஒழுங்கற்ற மாதவிடாயும் வர வாய்ப்பு உண்டு. சுழற்சி 35 நாளைத் தாண்டுவது, முகத்தில் புதிதாக முடி, பரு, இந்த மூன்றையும் தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையைப் பொறுத்தவரை ஏறிய பிறகு இறக்குவது கடினம், ஏறத் தொடங்கும்போது பிடிப்பதுதான் சுலபம். தொடங்கும் நாளில் எடையும் இடுப்புச் சுற்றளவும் எழுதிவைத்து, பிறகு வாரம் ஒரு முறை அதே தராசில், அதே நேரத்தில் பாருங்கள். 5 சதவீதம், அதாவது 60 கிலோவுக்கு 3 கிலோ ஏறினாலே மருத்துவரிடம் பேசுங்கள். மனநிலைக் கோளாறுக்குச் சாப்பிடுகிறவர்கள் கூடவே ஓலான்ஸபைன், குவெட்டியபைன் போன்றவையும் சாப்பிடுவது வழக்கம். எடை ஏற்றுவதில் அவை சளைத்தவை அல்ல. எந்த மருந்து சேர்ந்த பிறகு ஏறியது என்று தேதிகளைப் பார்க்காமல் வால்ப்ரோயேட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மின் சேர்ப்பதும், எடை ஏற்றாத லாமோட்ரிஜினுக்கு மாறுவதும் மருத்துவர் எடுக்கக்கூடிய வழிகள். உங்கள் வயதில் இந்த மருந்தையே மறுபரிசீலனை செய்ய வேறொரு காரணமும் இருக்கிறது. அடுத்த பதில் உங்களுக்கும்தான்.

அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். சரியா?

போதாது. இந்தப் பகுதியில் மென்மையாகச் சொல்ல இடமில்லை.

கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 10, 11 பேருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருக்கின்றன. பொதுவாக இது 100-க்கு 2, 3 பேர்தான். முதுகுத்தண்டு மூடாத குறை மட்டும் 1 முதல் 2 சதவீதம். இதயக் குறை, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவையும் உண்டு. பிறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இன்னும் பெரிது. 30 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பேச்சு, நடை, நினைவாற்றல், படிப்பு இவற்றில் பின்னடைவு ஏற்படலாம். ஆட்டிசத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. டோஸ் கூடினால் ஆபத்து கூடும், ஆனால் பயமில்லாத டோஸ் என்று எதுவும் இல்லை.

முதுகுத்தண்டுக் குழல் மூடுவது கருத்தரித்த 28 நாளுக்குள். மாதவிடாய் தள்ளிப்போனதே தெரியும்போது பாதி நேரம் போய்விட்டிருக்கும். அதனால் ‘கர்ப்பமான பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது திட்டமே ஆகாது. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குவது நல்லது, 5 மி.கி. வரைகூட எழுதித் தருவார்கள். ஆனால் வால்ப்ரோயேட்டால் வரும் குறைகளை அது தடுத்துவிடும் என்று நிரூபிக்கப்படவில்லை.

செய்ய வேண்டியது இது. கருத்தடையைத் தொடர்ந்தபடியே மருத்துவரிடம் ‘மாற்ற வேண்டும்’ என்று சொல்லுங்கள். வலிப்பு என்றால் லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் முதலியவை. மனநிலைக் கோளாறு என்றால் அவரவர் நோயின் போக்கைப் பார்த்து வேறு மருந்துகள். புது மருந்தைப் படிப்படியாக ஏற்றி, பழையதைப் படிப்படியாக இறக்கி, புதியதில் நோய் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மாதங்கள் ஆகும். ஒரு வருடம் இருக்கிறது என்கிறீர்கள், போதும், ஆனால் இன்றே தொடங்குங்கள். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தி நீண்ட வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு வரி. கார்பமஸபைன் என்ற வலிப்பு மருந்து அதன் பலனைக் குறைக்கும், வால்ப்ரோயேட் குறைக்காது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை வால்ப்ரோயேட்டின் அளவைக் குறைக்கலாம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பிடுவது நான், கணவன். எனக்கும் இதில் ஏதாவது உண்டா?

உண்டு. கருத்தரிப்புக்கு முந்தைய 3 மாதங்களில் தந்தை வால்ப்ரோயேட் சாப்பிட்டிருந்தால், குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜனவரியில் எச்சரித்தது. 100-க்கு 5 பேர் அளவில். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் சாப்பிட்ட தந்தையருக்கு 3 பேர் அளவில். தாய்வழி ஆபத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, முடிவாக நிரூபிக்கப்பட்டதும் அல்ல. ஆனாலும் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் 3 மாதமும் கருத்தடை, அந்தக் காலத்தில் விந்து தானம் கூடாது என்பது அவர்கள் அறிவுரை. பிரிட்டனில் அதே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்ட ஆணோ பெண்ணோ, புதிதாக இதைத் தொடங்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒப்ப வேண்டும் என்று ஆக்கினார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கையும் வேகமும் குறைவதும் சிலருக்கு உண்டு. குழந்தை தாமதமானால் பரிசோதனைப் பட்டியலில் இந்த மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.

ரத்தத்தில் மருந்தின் அளவு 118 என்று வந்தது. ‘அதிகம், குறைக்க வேண்டும்’ என்கிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே?

காலை எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. அது இல்லாமல் 118 என்பது வெறும் எண்தான். பூச்சு மாத்திரை விழுங்கி 3, 4 மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். அளக்க வேண்டியது பள்ளத்தை, அதாவது காலை மாத்திரைக்குச் சற்று முன், இரவு மாத்திரை போட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்து. டோஸ் மாற்றினால் 4, 5 நாளாவது போக வேண்டும். அப்படி எடுத்த எண்ணுக்குத்தான் வலிப்பில் 50 முதல் 100, மேனியாவில் மி.லி.க்கு 50 முதல் 125 மைக்ரோகிராம் என்ற வரம்பு பொருந்தும். பள்ளத்திலேயே பெண்களுக்கு 110-ஐயும் ஆண்களுக்கு 135-ஐயும் தாண்டினால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

இன்னொரு பொறி அல்புமின். மருந்தில் பெரும்பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனித்திருக்கும் பகுதிதான் மூளைக்குப் போய் வேலை செய்யும். ஆய்வகம் தருவது இரண்டும் சேர்ந்த மொத்தம். மொத்தம் 60 என்று வையுங்கள். அதில் 10 சதவீதம் தனித்திருந்தால் 6. அல்புமின் குறைந்து 25 சதவீதம் தனித்திருந்தால் 15. காகிதத்தில் ஒரே எண், உடம்பில் இரண்டரை மடங்கு மருந்து. முதியவர்கள், சிறுநீரக நோயாளிகள், நாள்பட்ட நோயில் மெலிந்தவர்கள் ‘நார்மல்’ எண்ணோடு தள்ளாடுவது இதனால்தான்.

மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா? வாரத்துக்கு ஒரு முறை டப்பாவில் பிரித்து வைக்கிறேன், சில மாத்திரைகள் பிசுபிசுக்கின்றன. மலத்தில் முழு மாத்திரை போல ஏதோ வருகிறது.

பூச்சு மாத்திரையையும் மெதுவாகக் கரையும் மாத்திரையையும் நசுக்கவோ மெல்லவோ கூடாது. பூச்சு உடைந்தால் வயிறு எரியும்; மற்றதில் ஒரு நாள் மருந்து மொத்தமாக இறங்கும். நடுவில் கோடு உள்ளதை உடைக்கலாமா என்பதை உள்தாள் சொல்லும். விழுங்க முடியாதவர்களுக்குச் சிரப் இருக்கிறது. 5 மி.லி.யில் 200, 250 மி.கி. என்று செறிவு வேறுபடும். புட்டி மாறும்போதெல்லாம் படித்துப் பார்த்து, கரண்டியில் ஊற்றாமல் ஊசியில்லா சிரிஞ்சில் அளங்கள்.

சோடியம் வால்ப்ரோயேட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் உப்பு. அட்டையைவிட்டு எடுத்தால் பிசுபிசுக்கும். டப்பா வேண்டுமானால் அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, மாத்திரையைப் பிரிக்காமல் போட்டு வையுங்கள்.

மலத்தில் வருவது பெரும்பாலும் மருந்து கரைந்துபோன வெற்றுக் கூடு. வயிற்றுப்போக்கு இருந்தாலோ, குடல் அறுவை சிகிச்சை செய்தவராக இருந்தாலோ மருந்தோடே வெளியேறியிருக்கலாம். அப்போது ரத்த அளவைப் பாருங்கள்.

பல் பிடுங்க வேண்டும். சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. பிளேட்லெட் குறைவதோடு, எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே ரத்தம் உறைவதில் குறை வரலாம். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் முன் பிளேட்லெட்டும் உறையும் நேரமும் பார்ப்பது நல்லது. பல் துலக்கும்போது ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போன தடம் இருந்தால் முந்திக்கொண்டு சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். தனித்திருக்கும் வால்ப்ரோயேட்டைக் கூட்டும், ரத்தப்போக்கையும் கூட்டும். பாராசிட்டமால் கேளுங்கள்.

மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெரோபெனம், இமிபெனம், எர்டாபெனம் ஆகிய நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசிகள் ஓரிரு நாளுக்குள் வால்ப்ரோயேட்டின் அளவைச் சரிபாதிக்கும் கீழே தள்ளிவிடும். டோஸைக் கூட்டினாலும் எழும்பாது. ஊசியை நிறுத்திய பிறகும் பழைய நிலை திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். வேறு ஊசி போட முடியாதென்றால் அந்த நாட்களுக்கு வேறொரு வலிப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். கைப்பையில் வைத்திருக்கும் மருந்துச் சீட்டில் இந்த மூன்று பெயரையும் எழுதி வைப்பதில் நஷ்டம் இல்லை.

வால்ப்ரோயேட்டோடு லாமோட்ரிஜின் சேர்த்திருக்கிறார்கள். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25’ என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழையா?

பிழை இல்லை, சரியாகத் தெரிந்தவர் எழுதியது. லாமோட்ரிஜினைக் கல்லீரல் வெளியேற்றும் வழியை வால்ப்ரோயேட் அடைத்துவிடும். தனியாக இருந்தால் சுமார் 26 மணி நேரமாக உள்ள அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 60, 70 மணி நேரமாக நீளும். அதனால் முதல் 2 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மி.கி., அடுத்த 2 வாரம் தினம் 25 மி.கி., அதற்குப் பிறகுதான் ஏற்றம். அவசரப்பட்டு ஏற்றினால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் என்ற, தோல் உரிந்து உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை வரலாம். 2 முதல் 8 வாரம் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தடிப்பு எதுவானாலும் அன்றே காட்டுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் வலி சேர்ந்தால் அவசரப் பிரிவு. பிற்காலத்தில் வால்ப்ரோயேட்டை நிறுத்தும்போது லாமோட்ரிஜின் அளவு விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது அதைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? பக்கவிளைவு தாங்காமல் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?

நாளுக்கு இரண்டு வேளை சாப்பிடுகிறவர் 6 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையை மட்டும் வழக்கப்படி போடுங்கள். இரட்டிப்பாக வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மருத்துவரைக் கேளுங்கள்.

நிறுத்திப் பார்ப்பது வேண்டாம். அடங்காத தொடர் வலிப்பில் கொண்டுபோய் விடும். மனநிலைக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு எழுச்சி நிலை திரும்பும், அப்படித் திரும்பும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை எதற்கு’ என்றுதான் தோன்றும். குறைப்பது வாரங்கள், மாதங்கள் எடுத்துச் செய்யும் வேலை. புதிதாக மனச்சோர்வு, எரிச்சல், தற்கொலை எண்ணம் எழுந்தால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். 11 வலிப்பு மருந்துகளின் 199 சோதனைகளை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 0.43 சதவீதமும் போலி மாத்திரை பெற்றவர்களில் 0.24 சதவீதமும் அத்தகைய எண்ணமோ செயலோ உடையவர்களாக இருந்தார்கள். எண் சிறியதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய எண்.

சர்க்கரை நோயும் இருக்கிறது. சிறுநீரில் கீட்டோன் இருப்பதாக அடிக்கடி வருகிறது, சர்க்கரை 130தான்.

வால்ப்ரோயேட்டின் ஒரு பகுதி கீட்டோன் வகைப் பொருளாக மாறிச் சிறுநீரில் வரும். பரிசோதனை அதைக் கீட்டோன் என்று எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் கீட்டோன் அளந்து பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.